ஒன்றும் ஒத்ததும்: தெரிவுப்பட்டியற் சரிபார்ப்பிலே ஒரு கருத்து மயக்கம்

கணினிச் செய்நிரல்களிற் காணப்படும் வழுக்கள் யாவும் கவனக்குறைவின் விளைவுகளே என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இது முழுமையான உண்மையன்று. கவனக்குறைவாற் பிறக்கும் வழுக்களும் உள. கருத்துத் தெளிவின்மையாற் பிறக்கும் வழுக்களும் உள. முன்னையவற்றைத் திருத்த ஒரு வரி போதும். பின்னையவற்றைத் திருத்த நூறு வரி எழுதினும் போதாது. எழுதுவோர் தம் எண்ணத்தைத் திருத்திக்கொண்டாலன்றி அவை ஓரிடத்தில் மறைந்து பிறிதோரிடத்தில் தலைகாட்டும். இணையவழிப் படிவங்களிலே தெரிவுப்பட்டியல்களைச் சரிபார்க்கும்போது நேர்கின்ற சமன்மை வழு பின்னைய வகையைச் சார்ந்தது என்பதும், அதனை முன்னைய வகையதாகக் கருதி மருந்திடும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் துணிபாகும்.

ஒரு நிகழ்ச்சியுடன் தொடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவியொருவர் உதவித்தொகைக்கான இணையவழிப் படிவமொன்றை அதன் இறுதி நாளன்று நிரப்பிக்கொண்டிருந்தபோது யான் அருகிலிருந்தேன். தம் மாவட்டத்தைப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்து அவர் சமர்ப்பித்தார். தெரிவுசெய்த பெறுமானம் செல்லுபடியற்றது என விடை வந்தது. மீண்டும் செய்தார், அதே விடை. மூன்றாம் முறையும் அதே விடை. அப்பட்டியலிலே நம் நாட்டின் 25 மாவட்டங்களும் இருந்தன. அவர் பிறந்து வளர்ந்த மாவட்டம் அவற்றுள் ஒன்று. அப்பெயரை அவருக்கு எடுத்து நீட்டியதும் அந்தப் படிவமே. எடுத்ததும் செல்லாது என மறுத்ததும் அந்தப் படிவமே. தொலைபேசியில் விசாரித்தபோது, "பிள்ளை, நீர் பிழையாகத் தெரிவுசெய்திருப்பீர், திரும்பச் செய்து பாரும்" என்று மறுமுனையிலிருந்தவர் கூறினார். நள்ளிரவில் படிவம் மூடப்பட்டது.

அம்மாணவி எதனைப் பிழையாகச் செய்தார் என்னும் வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பொருளும் எழுத்தும்

இணையப் பக்கத்திற் காணும் தெரிவுப்பட்டியல் பார்ப்பவர்க்கு மாவட்டங்களின் நிரலாகத் தோன்றுகின்றது. உலாவியைப் பொறுத்தவரையில் அஃது எழுத்துச் சரங்களின் நிரலேயன்றி வேறில்லை. ஒவ்வொரு தெரிவுக்கும் கண்ணுக்குத் தோன்றும் பெயரொன்றும், சமர்ப்பிக்கும்போது அனுப்பப்படும் பெறுமானமொன்றும் உண்டு, இரண்டும் எழுத்தே. சேவையகத்திலோ நிலைமை வேறு. ஜாவா போன்ற பொருள்நோக்கு மொழியில் எழுதப்பட்ட செய்நிரலில் மாவட்டம் என்பது நினைவகத்தில் இடங்கொண்டுள்ள ஒரு பொருள். இலக்கம், பெயர், மாகாணம் முதலாய பண்புகளையுடையது. பொருள் வலையைக் கடந்து செல்வதில்லை, எழுத்தே செல்கின்றது. ஆகவே, போகும்போது பொருள் எழுத்தாகவும், வரும்போது எழுத்து மீளப் பொருளாகவும் மாற்றப்படுதல் வேண்டும்.

இதனுடன் மற்றொன்றையும் சேர்த்து நோக்குதல் அவசியம். வலையின் அடிப்படையான எச்.ரி.ரி.பி. நெறிமுறை நினைவற்றது. ஒரு வேண்டுகோளுக்கும் அடுத்த வேண்டுகோளுக்குமிடையே அது தொடர்பெதனையும் பேணுவதில்லை. பட்டியலை ஆக்கிக் கொடுத்த வேண்டுகோள் முடிந்ததும், அதன்பொருட்டு உருவாக்கப்பட்ட 25 பொருள்களும் பொதுவாகக் கைவிடப்படுகின்றன. படிவம் சமர்ப்பிக்கப்படும்போது தரவுத்தளத்திலிருந்து 25 புதிய பொருள்கள் மீண்டும் உருவாகின்றன. அனுப்பப்பட்ட எழுத்து, "12" என வைத்துக்கொள்வோம், பிறிதொரு புதிய பொருளாக மாற்றப்படுகின்றது. அதன்பின்னர், "இப்பொருள் அந்த 25இல் ஒன்றா?" என்னும் வினா எழுப்பப்படுகின்றது.

2004ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்து, இன்று ஜகார்த்தா பேசஸ் என்னும் பெயரில் வழங்குகின்ற ஜாவா சேர்வர் பேசஸ் சட்டகத்திலே இவ்வினா தவறாது எழுப்பப்படுகின்றது. அச்சட்டகத்தில் ஒரு வேண்டுகோள் கடக்கும் ஆறு கட்டங்களுள் மூன்றாவது சரிபார்ப்புக் கட்டம். செய்நிரலர் கேட்டாலும் கேளாவிடினும், வந்த பெறுமானம் வழங்கப்பட்ட தெரிவுகளுள் ஒன்றா என அச்சட்டகம் தானாகவே ஒப்புநோக்கும். ஒப்புநோக்குவதற்கு அது கையாள்வது ஜாவா மொழியின் ஒவ்வொரு பொருளுக்கும் உரித்தான 'ஈக்குவல்ஸ்' என்னும் முறையையே. அம்முறையைச் செய்நிரலர் தாமே வரையறுக்காதபோது, மொழி தன் இயல்பான விடையைத் தருகின்றது. அவ்விடை யாதெனில், நினைவகத்தில் ஒரே இடத்திலுள்ள ஒரே பொருளாயின் சமம். அன்றேல் சமமன்று என்பதே.

புதிதாகப் பிறந்த பொருளும், பட்டியலுக்கெனப் புதிதாகப் பிறந்த பொருளும் ஒரே இடத்தில் இருத்தல் இயலாது. இலக்கம் ஒன்று, பெயர் ஒன்று, மாகாணம் ஒன்று. ஆயினும் இடம் வேறு. ஆகவே 25 ஒப்பீடுகளும் தோல்வியுறுகின்றன. பெறுமானம் செல்லுபடியற்றது எனத் தீர்ப்பு வருகின்றது. இஃது ஒரு சட்டகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. ஜாவாஸ்கிரிப்ற் மொழியிலும் ஒரே உள்ளடக்கமுடைய இரு பொருள்களை மூன்று சமக்குறியிட்டு ஒப்பிட்டால் அவை சமமல்ல என்றே விடை வரும். அங்குலர் சட்டகத்திலே தெரிவுப்பட்டியலுக்கென ஒப்பீட்டு விதியொன்றைத் தனியே கொடுப்பதற்கு வழி அமைக்கப்பட்டிருப்பதும் இதன்பொருட்டே.

வினா பழையது

'ஒன்று' என்பதும் 'ஒத்தது' என்பதும் வேறுவேறு என்பதைத் தமிழ் கற்றோர்க்கு விளக்கவேண்டியதில்லை. உவமைக்கும் உருவகத்துக்கும் இடையிலான வேறுபாடே அதுதான். 'அது போன்றது' எனக் கூறுமிடத்து இரு பொருள்கள் உள. 'அதுவே இது' எனக் கூறுமிடத்து வேற்றுமை நீக்கப்படுகின்றது. நிகண்டு நூலார் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஒருபுறமும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை மற்றொருபுறமும் வெவ்வேறு தொகுதிகளாக வகுத்து வைத்தனர். பெயரும் பொருளும் ஒன்றுக்கொன்று என நிற்பதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மேனாட்டு மெய்யியலிலும் இவ்வினா நீண்டகாலமாக ஆராயப்பட்டது. பண்புகள் அனைத்திலும் வேறுபாடின்றியுள்ள இரண்டு, இரண்டாக இருத்தல் இயலாது என்பது லைப்னிற்சின் கொள்கை. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோளைச் சுட்டும் இரு பெயர்களாயின், அவ்விரண்டும் ஒன்று எனக் கூறுதல் நமக்குப் புதிய அறிவை எவ்வாறு தருகின்றது என 1892இல் பிறேகே வினவினார். கணினித் துறையிலே இவ்வினாவுக்கு இருவேறு மரபினர் இருவேறு விடை கண்டனர். நோர்வேயில் உருவான சிமுலா 67 மொழியிலிருந்து கிளைத்த பொருள்நோக்கு மரபு, ஒரு பொருள் தன் பண்புகளால் அன்றித் தன் தனியிருப்பாலேயே அறியப்படும் எனக் கொண்டது. 1970இல் கொட் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தோன்றிய உறவுமுறைத் தரவுத்தள மரபோ, ஒரு பதிவு எங்குள்ளது என்பது பொருட்டன்று, அதன் முதன்மைச் சாவி யாது என்பதே பொருட்டு எனக் கொண்டது.

இன்றைய இணையச் செய்நிரல்கள் இவ்விரு மரபுகளும் சந்திக்கும் எல்லையில் நிற்கின்றன. தரவுத்தளத்திலே சாவியால் அறியப்பட்ட மாவட்டம், ஜாவாவினுள் நுழைந்ததும் இருப்பிடத்தால் அறியப்படுகின்றது. எல்லையைக் கடக்கும்போது அடையாளத்தின் இலக்கணமே மாறிவிடுகின்றது. அதனை மீளச் சாவியின்மேல் நிறுத்தும் பொறுப்பு செய்நிரலருடையது. அவர் அப்பொறுப்பை அறியாதபோது, அல்லது அறிந்தும் தட்டிக்கழிக்கும்போது, வழு பிறக்கின்றது. ஒரு வரியை எழுத மறந்தமையால் மட்டும் பிறந்த வழு அன்று இது; 'மாவட்டம் ஒன்றை மாவட்டமாக்குவது யாது?' என்னும் வினாவை எழுப்பாமையாற் பிறந்த வழு.

கைமருந்துகள் நான்கு

இவ்வழுவைக் கண்டவுடன் கையாளப்படும் மருந்துகள் பல. அவற்றுள் நான்கு பெருவழக்காயுள்ளன. அவற்றை ஆதரிப்போர் அனுபவமற்றோர் அல்லர்; ஆதலின் அவர்தம் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது, பட்டியலை அமர்வில் வைத்தல். பொருள்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதே தொல்லையாயின், அவற்றை இறவாமற் காப்போம் என்பது இவர்தம் வாதம். பயனர் படிவத்தை விட்டு நீங்கும்வரை அதே பட்டியல் நினைவகத்திற் பேணப்படும்; வரும் எழுத்தும் அப்பொருள்களுள் ஒன்றாகவே மாற்றப்படும்; ஆகவே இருப்பிட ஒப்பீடும் வெற்றிபெறும். வேலை செய்கின்றதே, இன்னும் என்ன வேண்டும் என வினவுவர்.

மேலே கூறிய படிவத்தைப் பற்றிப் பின்னர் அறிய நேர்ந்தது இதற்கு விடையாகும். அதனை ஆக்கியோரும் இம்மருந்தையே இட்டிருந்தனர். மாவட்டப் பொருள்கள் சேவையகத்திலே பொதுக் களஞ்சியமொன்றில் இருந்தன. ஒவ்வொருவரின் அமர்வும் அப்பொருள்களையே சுட்டும் பட்டியலொன்றைக் கொண்டிருந்தது. வந்த எழுத்தைப் பொருளாக மாற்றியதும் அக்களஞ்சியத்திலிருந்தே. ஒரு பொறியில் யாவும் செவ்வனே நடந்தன. இறுதி நாளன்று நெரிசல் மிகவே இரண்டாவது பொறி இணைக்கப்பட்டது. அமர்வுகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கப்பட்டன. பெயர்க்கப்படும்போது அமர்விலுள்ள பட்டியல் பிரதியாகின்றது. பிரதியிலுள்ள பொருள்கள் புதிய பொறியின் களஞ்சியத்திலுள்ள பொருள்கள் அல்ல. ஒத்தவை, ஆனால் ஒன்றல்ல. நோய் மாறவில்லை, மறைந்திருந்தது. ஆளற்ற நாள்களிலெல்லாம் மறைந்திருந்து, ஆயிரவர் நம்பி வந்த நாளில் வெளிப்பட்டது. நோயை நாம் காணக்கூடிய இடத்திலிருந்து காணவொண்ணாத இடத்துக்குத் தள்ளிவிடுவதனை மருந்து எனக் கூறுதல் பொருந்துமா?

இரண்டாவது, சரிபார்ப்பையே நீக்கிவிடுதல். பட்டியலில் இல்லாத ஒன்றைப் பயனர் தெரிவுசெய்ய இயலாதாகையால், சேவையகத்தில் மீளச் சரிபார்ப்பது வீண் என்பது இவர்தம் வாதம். இது மிக ஆபத்தானது. பட்டியல் உலாவியில் உள்ளது. உலாவி பயனரின் கையில் உள்ளது. சிறிது பயிற்சியுடைய எவரும் பட்டியலில் இல்லாத பெறுமானமொன்றை எழுதி அனுப்பலாம். தகுதிக்கேற்ப வேறுபடும் பாடநெறிகளின் பட்டியலையோ, கட்டணப் பிரிவுகளின் பட்டியலையோ எண்ணிப் பார்ப்பின் இதன் விளைவு புலனாகும். வாயிற்காவலன் வீட்டாரை அடையாளங் காண்கின்றானில்லை என்பதற்காகக் காவலையே நீக்கிவிடுதல் எத்தகைய அறிவுடைமை? காவல் வேண்டுவதே, அடையாளங் காணும் முறையே திருத்தப்பட வேண்டுவது.

மூன்றாவது, பெயரைக் கொண்டு ஒப்பிடுதல். பொருளை விடுத்து, கண்ணுக்குத் தோன்றும் பெயரை ஒப்பிட்டால் என்ன என்பது இவர்தம் வினா. ஆங்கிலப் பெயர்களை மட்டும் மனங்கொண்டு எழுந்த வினா இது. தமிழில் எழுதுவோர் இதனைச் சிறப்பாக ஆராய்தல் வேண்டும்.

முதற்கண், ஒரே பெயர் வெவ்வேறு இடங்களைச் சுட்டலாம். புதுக்குடியிருப்பு முல்லைத்தீவு மாவட்டத்திலும் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்திலும் உண்டு. ஓர் இடத்தின் பெயர் வெவ்வேறாக எழுதப்படலாம். திருகோணமலை என்பாரும் திருக்கோணமலை என்பாரும் உளர்; அம்பாந்தோட்டை என்பாரும் ஹம்பாந்தோட்டை என்பாரும் உளர். இவற்றினும் நுட்பமானது எழுத்துக்குறியீடு பற்றியது. யுனிக்கோட் முறையிலே 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பும் காலும் எனப் பிரித்து இரு குறியீடாகவும் எழுதலாம். 'கொழும்பு' என்னும் சொல் முன்னைய முறையில் 8 குறியீடுகளையும் பின்னைய முறையில் 9 குறியீடுகளையும் கொண்டது. திரையில் இரண்டும் ஒன்றே. தரநியமத்தின்படியும் இரண்டும் நிகரானவை. ஆயினும் சரங்களை அப்படியே ஒப்பிடும் செய்நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். கொழும்பு, கிளிநொச்சி, திருகோணமலை, பொலன்னறுவை, மொனராகலை, அம்பாந்தோட்டை என 25 மாவட்டங்களுள் ஆறு இவ்வாறு இருவகையாக எழுதப்படக்கூடியன. எஞ்சிய 19 மாவட்டத்தார்க்குப் படிவம் திறக்க, இவ்வாறு மாவட்டத்தார்க்கு மட்டும் அடைபட்டால் அதன் காரணத்தை யார் ஊகிப்பார்?

குறியீடுகளை ஓருருப்படுத்தியபின் ஒப்பிடலாமே எனின், ஒகர ஓகாரங்களுக்கு அது பொருந்தும். 'ஸ்ரீ' என்பதற்கு அதுவும் பொருந்தாது. 2005இல் யுனிக்கோட்டின் 4.1ஆம் பதிப்பில் வடமொழி 'ஶ' தனியெழுத்தாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் 'ஸ்' என்பதைக் கொண்டு எழுதப்பட்ட ஸ்ரீயும், பின்னர் 'ஶ்' என்பதைக் கொண்டு எழுதப்பட்ட ஸ்ரீயும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. ஓருருப்படுத்தல் அவற்றை ஒன்றாக்குவதில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் வாழ்பவர் தம் ஊரைத் தெரிவுசெய்யும்போது எந்த ஸ்ரீயைத் தெரிவுசெய்கின்றார் என்பதனை அவரும் அறியார். அவர் கண்ணும் அறியாது. பெயர் மனிதர் படிப்பதற்கு; அடையாளத்துக்கு அன்று.

நான்காவது, பொறியை எழுதவிடுதல். செய்நிரல் எழுதப் பயன்படும் கருவிகள் ஈக்குவல்ஸ் முறையை ஒரு சொடுக்கிலே தாமாக எழுதித் தருகின்றன. இன்று இயந்திர உரையாடிகளும் அவ்வாறே எழுதித் தருகின்றன. நான்கு மருந்துகளுள் இதுவே உண்மைக்கு அண்மையிலுள்ளது. ஆயினும் சிந்தனையின்றிக் கையாளப்படும்போது இதுவும் நஞ்சாகின்றது. எந்தப் பண்புகளைக் கொண்டு ஒப்பிடுவது எனக் கருவி வினவும்போது, எல்லாவற்றையும் என விடையளித்துவிடுவது பலரது வழக்கம். பாடநெறியொன்றின் பண்புகளுள் எஞ்சிய இடங்களின் எண்ணிக்கையும் ஒன்றாயிருப்பின் என்னாகும்? முன்னர் ஏற்றிவைத்த பொருளுடன் பின்னர் ஏற்றிய பொருள் ஒப்பிடப்படுமிடத்து, இடையே வேறொருவர் ஓரிடத்தைப் பெற்றுவிட்டால் எண்ணிக்கை மாறுகின்றது. பாடநெறி வேறாகிவிட்டதெனச் செய்நிரல் கருதுகின்றது. ஒருவர் தலைமயிரைக் குறைத்துக்கொண்டமையால் அவர் வேறொருவராகிவிட்டார் எனக் கூறுவதனை இஃது ஒக்கும்.

128இன் கதை

சாவியைக் கொண்டே ஒப்பிடுவோம் எனத் தெளிந்தவரும் வழுக்கி விழுமிடமொன்று உண்டு. ஜாவாவிலே முழு எண்ணை வெறும் எண்ணாகவும் வைக்கலாம். பொருளாகப் பொதிந்தும் வைக்கலாம். பொதிந்த எண்கள் இரண்டை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், அங்கும் ஒப்பிடப்படுவது எண்ணன்று, இருப்பிடமே. ஆயினும் சிக்கனங் கருதி, −128 முதல் 127 வரையான எண்களைத் தானாகப் பொதியும்போது புதிய பொருள்களை ஆக்காது ஒரே பொருளையே மீளவும் வழங்குதல் அம்மொழியின் விதி. இதன் விளைவு விசித்திரமானது. 127ஐ 127உடன் ஒப்பிட்டால் சமம்; 128ஐ 128உடன் ஒப்பிட்டால் பெரும்பாலும் சமமன்று.

இதனை நம் நாட்டின் நிருவாகப் பிரிவுகளுடன் பொருத்திப் பார்ப்போம். மாவட்டங்கள் 25. அவற்றுக்கு 1 முதல் 25 வரை இலக்கமிட்டுச் சோதித்தால் யாவும் சரியாகவே நடக்கும். சோதனை வெற்றி என அறிக்கை எழுதப்படும். அதே செய்நிரலைப் பிரதேச செயலகப் பிரிவுகளுக்குப் பயன்படுத்துவோம். அவை 300க்கு மேற்பட்டவை. 127ஆம் இலக்கம் வரையுள்ள பிரிவினர் விண்ணப்பிக்கலாம். 128ஆம் இலக்கத்திலிருந்து எவரும் விண்ணப்பிக்க இயலாது. கிராம அலுவலர் பிரிவுகளோ 14,000க்கு மேற்பட்டவை. இலக்கங்கள் எம்முறையில் இடப்பட்டன என்பதைப் பொறுத்து, எப்பகுதி மக்கள் எல்லைக்கு வெளியே நிற்பர் என்பது தீர்மானிக்கப்படும். எவரும் எவரையும் விலக்க எண்ணவில்லை. ஆயினும் விலக்கப்பட்டோர் விலக்கப்பட்டோரே. எண்ணித் துணியாத சிறு குறியொன்று ஒரு நிலப்பரப்பையே புறத்தே நிறுத்தக்கூடும் என்பதனைச் சிறிய விடயம் எனத் தள்ளிவிடல் இயலாது.

யாம் வேண்டுவது

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் அதன் அடையாளத்தைத் தாங்கும் சாவி யாதெனச் செய்நிரலர் முதலில் தீர்மானித்தல் வேண்டும். ஈக்குவல்ஸ் முறை அச்சாவியை மட்டும், அதன் பெறுமானத்தைக் கொண்டு ஒப்பிடல் வேண்டும். சமமான பொருள்கள் ஒரே 'ஹாஷ்கோட்' எண்ணைத் தரல் வேண்டும் என்பது ஜாவாவின் உடன்பாடு. ஆதலின் அவ்வெண்ணும் அச்சாவியிலிருந்தே பிறத்தல் வேண்டும். எழுத்தைப் பொருளாகவும் பொருளை எழுத்தாகவும் மாற்றும் முறையும் அதே சாவியைக் கையாளல் வேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்பின் பொருள் எத்தனை முறை பிறந்தாலும், எப்பொறிக்குப் பெயர்ந்தாலும் அடையாளம் குலையாது.

இதற்கும் வரையறைகள் உள. தரவுத்தளத்தில் இன்னும் சேமிக்கப்படாத பொருளுக்குச் சாவி இல்லை. சாவியற்ற இரண்டைச் சமமெனக் கொள்வது பெருந்தவறு. ஹாஷ்கோட்டைக் கொண்டு இயங்கும் தொகுதியினுள் பொருளை இட்டபின் சாவி மாறினால், உள்ளிருக்கும் பொருளே இல்லையென விடை வரும். ஹைபர்னேட் போன்ற கருவிகள் மெய்ப்பொருளுக்குப் பதிலாகப் பதிலாள் பொருளைத் தருவதுண்டு. வகுப்பு அச்சொட்டாக ஒன்றா என வினவும் ஒப்பீடு, பதிலாளை அந்நியனெனத் தள்ளிவிடும். பட்டியலிலே பொருளை வைக்காது சாவியை மட்டும் வைத்து, சரிபார்த்தபின் பொருளைத் தேடியெடுப்போம் என்பாரும் உளர். அது நேர்மையான வழி. அடையாளம் யாதென அவர்கள் வெளிப்படையாகவே தீர்மானித்துவிட்டனர். யாம் எதிர்ப்பது தீர்மானியாமையை மட்டுமே. மொழியை ஆக்கியோரும் இதனை உணர்ந்துள்ளனர் எனலாம். 1995இல் வெளிவந்த ஜாவா, 2021இல் வெளியான 16ஆம் பதிப்பிலே, தன் கூறுகளின் பெறுமானங்களால் ஒப்பிடப்படும் 'றெக்கோட்' என்னும் வகையைத் தன் நிலையான உறுப்பாக ஏற்றுக்கொண்டது.

கற்பிக்கும் முறையிலும் மாற்றம் வேண்டும். ஈக்குவல்ஸ் எழுதும்போது ஹாஷ்கோட்டும் எழுதுக என்னும் வாய்பாட்டை மாணவர் மனனஞ் செய்கின்றனர்; பரீட்சையில் எழுதுகின்றனர்; மறக்கின்றனர். ஒரு பொருள் எதனால் அதுவாகின்றது என அவர்களிடம் எவரும் வினவுவதில்லை. அவ்வினா மெய்யியலாரின் பொழுதுபோக்கு எனப் பொறியியலாரும், பொறி பற்றியது நமக்கேன் என மெய்யியலாரும் ஒதுங்கி நிற்கும்வரை, வாய்பாடு கற்றோர் வாய்பாடு தவறும்போது கைமருந்தையே நாடுவர்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். அம்மாணவி எதனைப் பிழையாகச் செய்தார்? படிவம் தானே அளித்த பட்டியலிலிருந்து ஒருவர் ஒன்றைத் தெரிவுசெய்து, அது செல்லாதென மறுக்கப்படின் அதற்கு மூன்று காரணங்களே இருத்தல் கூடும். அனுப்பப்பட்ட பெறுமானம் வஞ்சகமாக மாற்றப்பட்டிருக்கலாம். இடையிலே பட்டியல் மாறியிருக்கலாம். அன்றேல் செய்நிரல் வழுவுடையதாயிருக்கலாம். இம்மூன்றனுள் எதனிலும் நேர்மையான பயனர் பிழை செய்தவர் ஆகார். ஆயினும் திரையில் தோன்றும் செய்தியும், தொலைபேசியில் வரும் குரலும் பிழையை அவர்மேலேயே சுமத்துகின்றன. பட்டியலிலிருந்து தெரிவுசெய்யப்பட்டது மறுக்கப்படுமாயின், அதனைப் பயனரின் தவறாகக் காட்டாது, ஆக்கியோர் உடனே ஆராயவேண்டிய நிகழ்ச்சியாகப் பதிவுசெய்தலும், விண்ணப்பத்தை இழக்காது பேணுதலும் பொதுமக்களுக்கான படிவம் ஒவ்வொன்றினதும் கடமையாதல் வேண்டும்.

'வேலை செய்கின்றது' என்பது செய்நிரலுக்குக் கூறத்தக்க புகழ்ச்சி அன்று. அது சோதனையின் தொடக்கம் மட்டுமே. யாருக்கு வேலை செய்கின்றது, எத்தனை பேர் வரும்வரை வேலை செய்கின்றது, எவ்வூர்ப் பெயர்க்கு வேலை செய்கின்றது என்னும் வினாக்கள் அதன்பின் எழுதல் வேண்டும். ஒன்றுக்கும் ஒத்ததற்கும் வேறுபாடு காணாத பொறியை யாம் குறை கூறவில்லை. அது தனக்குக் கற்பிக்கப்பட்டதையே செய்கின்றது. அவ்வேறுபாட்டை அறியவேண்டியவர் அறியாதிருந்தமையால், தன் ஊரை உண்மையாகக் கூறிய ஒருவர் அந்நள்ளிரவில் பொய்யர்போல் நிறுத்தப்பட்டார். அந்நிலை மீண்டும் நேராதிருத்தல் அவர் எத்தனை முறை முயல்கின்றார் என்பதிலன்று, நாம் எவ்வளவு தெளிவாக எண்ணுகின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது.